பேப்பர் சரியில்லாத பழைய பைக்: வாங்குவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

பழைய பைக் பார்க்க நண்பர்கள் என்னைக் கூப்பிட்டால் நான் கேட்கிற முதல் கேள்வி: ஆர்.சி. (பதிவுச் சான்று) யார் பேரில் இருக்கிறது, அந்த ஆளை நேரில் பார்த்தாயா? இன்ஜினில் என்ன கோளாறு இருந்தாலும் காசு செலவழித்தால் சரிசெய்துவிடலாம், நானே பிரித்து மாட்டித் தருவேன். விற்க உரிமை இல்லாதவரிடம் வாங்கிய வண்டிக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது. திருட்டு வண்டியைத் தெரியாமல்தான் வாங்கினீர்கள் என்றாலும், பெரும்பாலான நாடுகளில் அது உண்மையான உரிமையாளரிடமே திரும்பிப் போகும். கொடுத்த பணத்துக்கு நீங்கள் விற்றவனைத் தேடி அலைய வேண்டியதுதான்.

அதற்காகப் பேப்பரில் சிக்கல் என்றதும் நல்ல வண்டியைக் கைவிட வேண்டும் என்று சொல்லமாட்டேன். "பேப்பர் கொஞ்சம் பிரச்சினை, பார்த்துக்கலாம்" என்று விற்பவர் சொல்வதற்குள் பல ரகம் இருக்கிறது. கடன் அடைத்தும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீங்காமல் இருக்கலாம். உரிமையாளர் இறந்துபோயிருக்கலாம். ஆர்.சி. தொலைந்திருக்கலாம். இவற்றுக்கெல்லாம் வழி உண்டு. வழியே இல்லாத ஒன்று, சேசிஸில், அதாவது வண்டியின் சட்டத்தில், குத்தியிருக்கும் அடையாள எண்ணைத் திருத்திய வண்டி. எனவே தேடலை அங்கிருந்து தொடங்குங்கள்.

சேசிஸ் நம்பர் பெரும்பாலான பைக்குகளில் ஹேண்டில்பாருக்குக் கீழே, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் சேசிஸுக்குள் நுழைகிற கழுத்துப் பகுதியில் குத்தப்பட்டிருக்கும். ஹேண்டிலை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்புங்கள். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அழுக்கையும் கிரீஸையும் துடைத்துவிட்டு, டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். அப்போதுதான் பள்ளம் மேடு கண்ணுக்குத் தெரியும். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே கோட்டில் இருக்கின்றனவா? சுற்றியுள்ள இரும்பில் அரம் ஓடிய கோடுகள் உண்டா? வண்டி முழுவதும் வெளுத்துப்போய் அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் புதிதாக மின்னுகிறதா? விரலால் தடவிப் பாருங்கள், ராவிய இடம் லேசாகக் குழிந்திருக்கும். அடுத்து ஒரு சின்னக் காந்தத்தை எண்ணைச் சுற்றி நகர்த்துங்கள். இரும்புச் சேசிஸில் திடீரென்று பிடி தளர்ந்தால் கீழே பட்டி பூசியிருக்கிறார்கள் என்று பொருள். எண் உள்ள துண்டை மட்டும் வேறு வண்டியில் இருந்து வெட்டி எடுத்து இதில் பற்றவைப்பவர்களும் உண்டு, வெல்டிங் தடத்தையும் தேடுங்கள்.

சில கம்பெனிகள் புள்ளி புள்ளியாக எண் அடிக்கும், சில கம்பெனிகள் அச்சால் குத்தும். அதே மாடல், அதே வருட வண்டி வேறொன்றைப் பார்த்துவிட்டுப் போனால் வித்தியாசம் சட்டென்று பிடிபடும். ராவி அழித்த எண்ணைத் தடயவியல்காரர்கள் அமிலம் தடவி மீட்டுவிடுவார்கள், ஏனென்றால் குத்தும்போது அடியில் உள்ள உலோகமும் நசுங்கியிருக்கும். திருத்தியவன் தப்பித்தாலும் அந்த வண்டியோடு நீங்கள் மாட்டுவீர்கள்.

எண்ணைப் படிக்கவும் தெரிந்துகொள்ளுங்கள். இன்றைய வண்டிகளில் மொத்தம் 17 எழுத்தும் எண்ணும் இருக்கும். அதில் ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகள் வரவே வராது, 1, 0 ஆகியவற்றோடு குழம்பும் என்பதால். வந்திருந்தால் யாரோ கையால் குத்தியது. முதல் மூன்று இடங்கள் தயாரித்தவரைச் சொல்லும். ராயல் என்ஃபீல்டு என்றால் எம்.இ.3, ஜப்பானில் செய்த யமஹா என்றால் ஜே.ஒய்.ஏ., டுகாட்டி என்றால் இசட்.டி.எம். பத்தாவது இடத்தைப் பல கம்பெனிகள் மாடல் வருடத்துக்கு வைத்திருக்கின்றன: ஜே 2018, கே 2019, எல் 2020. 2019 மாடல் என்று சொல்லி விற்கிற வண்டியில் அந்த இடத்தில் வேறு எழுத்து இருந்தால் ஏன் என்று கேளுங்கள். அமெரிக்காவில் 17 இடங்கள் கட்டாயமானது 1981 மாடலில் இருந்துதான். அதற்கு முந்தைய வண்டிகளிலும், ஜப்பானின் உள்நாட்டு விற்பனைக்கென்று செய்தவற்றிலும் எண் குட்டையாக இருந்தால் சந்தேகப்பட வேண்டாம்.

இன்ஜின் நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப்போகாவிட்டால் அதுவே திருட்டு என்று ஆகிவிடாது. இன்ஜின் மாற்றிய வண்டிகள் நிறைய ஓடுகின்றன. ஆனால் அந்த இன்ஜினை வாங்கிய பில் வேண்டும், பதிவிலும் ஏற்றியிருக்க வேண்டும். பில் இல்லை என்றால் நான் வண்டியைத் தொடமாட்டேன்.

எண்கள் சரி என்றால், அடுத்து விற்பவர். "மச்சான் வண்டி, அவன் வெளிநாட்டில் இருக்கான்" என்பார்கள். இருக்கட்டும், மச்சானோடு வீடியோ காலில் பேசுங்கள், அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், முறையான அதிகாரப் பத்திரம் கேளுங்கள். கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுப் படிவத்தை வைத்துக்கொண்டு மூன்று நான்கு கை மாறி வரும் வண்டிதான் எனக்கு அதிகம் பயம். முதல் ஆள் இறந்துவிட்டால் அவர் கொடுத்த அதிகாரம் பொதுவாக அதோடு முடிந்துபோகும், பிறகு அந்தக் கையெழுத்தை வைத்து எதுவும் நடக்காது. பெயர் மாற்றாமல் விற்பது விற்றவருக்கும் ஆபத்து. கை மாறி மாறிப் போன ஒரு கார் விபத்து வழக்கில், பதிவில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இழுக்கிற நல்ல மனிதர்களிடம் இதைச் சொன்னால் உடனே கிளம்பி வருவார்கள்.

ஆர்.சி. கையில் இருப்பதும் போதாது. பிரிட்டனின் பதிவு ஆவணத்திலேயே இது உரிமைக்கான சான்று அல்ல என்று அச்சிட்டிருக்கும். "தொலைந்துவிட்டது, டூப்ளிகேட் வாங்கிட்டேன்" என்றால் ஒரிஜினல் ஆர்.சி., கடன் கொடுத்தவரின் அலமாரியில் இருக்கலாம். பல நாடுகளில் அரசின் இணையதளத்திலேயே பதிவு எண்ணைத் தட்டினால் கடன் நிலுவை தெரிந்துவிடும். கடன் முடிந்தது என்று வங்கி எழுதிக் கொடுத்த கடிதத்தைக் கேளுங்கள். கடிதத்தை வாங்கியதோடு விடாமல் அந்த வங்கிக்கே ஃபோன் செய்து உறுதிப்படுத்துங்கள்.

இறந்தவர் பேரில் உள்ள வண்டிக்குப் பொறுமை வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பையன் அப்பாவின் வண்டியை விற்க வந்தான், பேப்பர் எல்லாம் பக்கா. "அக்கா சம்மதித்தாளா?" என்று கேட்டேன், பதிலே வரவில்லை. வாரிசுகள் எல்லோரும் எழுதிக் கொடுத்து, வண்டி முதலில் அவன் பேருக்கு மாறிய பிறகுதான் என் நண்பர் வாங்கினார். சில மாதங்கள் ஆயின. அந்தக் காத்திருப்பை விலையில் குறைத்துக் கேட்பதில் தப்பே இல்லை.

பணத்தை ஒரே மூச்சில் கொடுத்துவிடாதீர்கள். சின்ன அட்வான்ஸ், பெயர் மாறாவிட்டால் அது திரும்ப வரும் என்று ஒரு வரி எழுத்தில். மீதிப் பணம், இருவரும் சேர்ந்து பதிவு அலுவலகம் போய் விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகு, பதிவில் உள்ள அதே பெயரின் வங்கிக் கணக்குக்கு. இதற்கு விற்பவர் மறுத்தால் கிளம்பிவிடுங்கள். எண்ணில் சந்தேகம் வந்திருந்தால் அங்கே வாக்குவாதம் வேண்டாம். வெளியே வந்து போலீசுக்குச் சொல்லுங்கள்.

எல்லாம் ஒத்துவந்தால் ரசீதில் சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், தொகை, தேதி ஆகியவற்றோடு சாவி கை மாறிய நேரத்தையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். காலையில் அவர் சிக்னலைத் தாண்டிய அபராதமா, மாலையில் நீங்கள் தாண்டியதா என்று பின்னால் கேள்வி வரும்போது அந்த நேரம்தான் பேசும். அப்புறம், இன்சூரன்ஸ் உங்கள் பேருக்கு வரும்வரை வண்டியைத் தெருவில் இறக்காதீர்கள்.