வீட்டிலும் அன்றாட நடைமுறையிலும் சிறு மாற்றங்களைச் செய்யும் முறை

வீட்டு ஒழுங்கை ஒரே மூச்சில் மாற்ற முற்படுகிறவர்கள் விரைவிலேயே பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதும், அதற்குத் தங்கள் மன உறுதியின்மையைக் காரணமாகச் சொல்லிக்கொள்வதும் வழக்கம். பொருள்கள் வைத்த இடத்திலேயே இருக்க, பழக்கம் மட்டும் மாற வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் பெரும்பாலும் உண்மையான காரணம்.

எனவே, முதல் ஒரு வாரம் எதையும் மாற்றாமல் வீட்டைக் கவனியுங்கள். எந்தப் பொருளை அடிக்கடி தேடுகிறீர்கள், எந்த மூலையில் எது குவிகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நாற்காலியின் மேல் துணி சேர்ந்துகொண்டே இருக்கிறது என்றால், ஒரு முறை உடுத்தி, துவைக்கும் அளவுக்கு அழுக்காகாத துணிகளுக்கு அந்த வீட்டில் இடமே ஒதுக்கப்படவில்லை என்று பொருள். நாற்காலிக்கு அருகில் சுவரில் இரண்டு கொக்கிகளை மாட்டிவிட்டால், யாரையும் கடிந்துகொள்ளாமலே அந்தக் குவியல் குறையும். சாவி, மூக்குக்கண்ணாடி, வந்து சேரும் தாள்கள் ஆகியவற்றுக்கும் இதே முறை பொருந்தும். புதிய பெட்டிகளையும் கூடைகளையும் முதலிலேயே வாங்கிவிடாதீர்கள். பல வீடுகளில் அவையே அடைசலாகிவிடுகின்றன. பிறருடைய பொருளை நகர்த்துவதற்கு முன் அவரிடம் கேட்டுக்கொள்வதும் அவசியம்.

புதிய செயலை ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒரு செயலுடன் இணையுங்கள். "இனி வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பேன்" என்பதைவிட, "இரவு பல் துலக்கியவுடன் மேசையைத் துடைப்பேன்" என்று நேரத்தையும் செயலையும் குறிப்பிட்டு முடிவுசெய்வது பலன் தரும். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இத்தகைய திட்டமிடலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, பொதுவான நோக்கத்தைக் காட்டிலும் அது செயலாக மாறும் வாய்ப்பு அதிகம் என்று காட்டியுள்ளார்.

படுக்கையில் கைப்பேசி பார்ப்பதைக் குறைக்க விரும்புகிறவர்கள் சார்ஜரை வேறு அறைக்கு மாற்றலாம். ஆனால், எழுப்புவதற்குத் தனி அலாரக் கடிகாரம் ஒன்றை முன்கூட்டியே வைத்துக்கொள்ளாவிட்டால், கைப்பேசி மறுநாளே தலைமாட்டுக்கு வந்துவிடும்.

21 நாள்களில் எந்தப் பழக்கமும் படிந்துவிடும் என்ற பரவலான கருத்தை நம்ப வேண்டியதில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கொண்டு நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் இயல்பாகிவிட ஏறத்தாழ 66 நாள்கள் தேவைப்பட்டன. ஆளுக்கு ஆள் அது 18 நாள்கள் முதல் 254 நாள்கள் வரை வேறுபடும் என்றும் மதிப்பிடப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைக் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது. ஆகவே, விட்டுப்போன நாளை ஈடுகட்ட மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய வேண்டாம்.

முதல் மாற்றம் நினைவூட்டலின்றி நடக்கத் தொடங்கிய பிறகே இரண்டாவதைத் தொடங்குங்கள். பல வாரங்களாகியும் அது படியவில்லையென்றால் செயலைப் பாதியாகக் குறையுங்கள், அல்லது அதை வேறொரு அன்றாடச் செயலுடன் இணைத்துப் பாருங்கள். அப்போதும் படியவில்லையென்றால் அதைக் கைவிட்டு, கவனித்து எழுதிய குறிப்பிலிருந்து வேறொன்றைத் தேர்ந்துகொள்ளலாம்.