மதுரை வெயிலுக்கு நானோ சீரம் மட்டும் போதுமா?

சித்திரை மாத நண்பகலில் மதுரையில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தொடுவது சாதாரணம். வெயிலின் புற ஊதாக் கதிர் எவ்வளவு கடுமை என்று சொல்லும் அந்த அளவுகோலில் 11-உம் அதற்கு மேலும்தான் கடைசிப் படி. "நானோ ஆன்டிஆக்ஸிடன்ட் சீரம் போட்டாச்சு, சன்ஸ்கிரீன் எதுக்கு?" என்று அந்த வெயிலில் கிளம்புவதுதான் நான் அதிகம் கவலைப்படும் தவறு.

நானோ சீரம் என்பது மிக நுண்ணிய துகள்களில் ஆன்டிஆக்ஸிடன்ட் அடங்கிய பூச்சுத் திரவம். வெயில் பட்டதும் தோல் செல்லுக்குள் ஃப்ரீ ராடிக்கல்கள், அதாவது அக்கம்பக்கத்தைச் சேதப்படுத்தும் மூலக்கூறுகள் கிளம்பும்; ஆன்டிஆக்ஸிடன்ட் அவற்றைத்தான் அடக்கும். ஆனால் வெயிலில் உள்ள யுவி-பி என்ற புற ஊதாக் கதிர் செல்லின் மரபுப் பொருளான டி.என்.ஏ.வை நேரடியாகவே தாக்குகிறது. அதைத் தடுக்க நிழல், குடை, முழுக்கைச் சட்டை, சன்ஸ்கிரீன்தான் வேண்டும். சன்ஸ்கிரீனையும் பொட்டு வைப்பதுபோல் தொட்டுக்கொண்டால் பலனில்லை. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் எடுங்கள். வெயிலில் நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள்.

"கருப்புத் தோலுக்கு இதெல்லாம் வேண்டாம்" என்பதும் பாதி உண்மைதான். தோலுக்குக் கருநிறம் தரும் மெலனின் காப்பது நிஜம். ஆனால் 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, மெலனின் உள்ள செல்களில் கதிர் நின்ற பிறகும் மூன்று மணி நேரத்துக்கு மேல் டி.என்.ஏ. சேதம் தொடர்வதைக் காட்டியது. ஆன்டிஆக்ஸிடன்ட் கைகொடுக்கக்கூடிய இடம் அதுதான்.

சன்ஸ்கிரீனில் சேர்க்கும் ஜிங்க் ஆக்சைடு பொடியை வாங்கித் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஜிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் வெயில் பட்டால் தாமே ஃப்ரீ ராடிக்கல்களை உண்டாக்கும் பொருள்கள். துகள் நுண்ணியதானால் மேற்பரப்பு கூடும், இந்த வினையும் கூடும். அதனால்தான் பல சன்ஸ்கிரீன்களில், குறிப்பாக டைட்டானியம் துகள்களுக்கு, சிலிகா, அலுமினா போன்றவற்றால் மேல்பூச்சு கொடுக்கிறார்கள். வீட்டில் குழைத்ததில் பொடி திட்டுத்திட்டாகக் கட்டிக்கொள்ளும். எங்கே காக்கிறது, எங்கே விட்டுவிடுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

சீரியம் என்ற உலோகத்தின் ஆக்சைடு துகள்கள் ஆன்டிஆக்ஸிடன்டாக வேலை செய்யும் என்று வரும் செய்திகளையும் நிதானமாகப் படியுங்கள். வைட்டமின் சி போன்ற ஆன்டிஆக்ஸிடன்ட் ஒருமுறை வேலை செய்தால் தீர்ந்துபோகும். சீரியம் இரண்டு மின்னூட்ட நிலைகளுக்கிடையே மாறி மாறித் திரும்பத் திரும்ப வேலை செய்யும். அருமையான குணம். ஆனால் அமிலச் சூழலில் அதே துகள் செல்லுக்குக் கேடு செய்யவும் கூடும். கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லில் கிடைத்த பலனை, கெட்டியான மேல்தோல் உள்ள உங்கள் முகத்தில் எதிர்பார்க்க முடியாது.

நானோ துகள் உள்ள ஸ்ப்ரேயை முகத்தில் நேராக அடிக்காதீர்கள். மூச்சோடு நுரையீரலுக்குப் போகும். கிரீமாகவே வாங்குங்கள். வைட்டமின் சி சீரத்தை ஜன்னலோரம் வெக்கையில் வைக்காமல் இருட்டான அலமாரியில் வையுங்கள். பழுப்பேறியிருந்தால் தூக்கிப் போடுங்கள்.