சின்ன பிசினஸுக்கு பணம் தேடறவங்க முதல்ல என்ன பண்ணணும்

பணம் வேணும்னு தோணுனதும் நேரா பேங்க் வாசலுக்கு போயிடறாங்க நிறைய பேர், அங்க கேக்குற முதல் கேள்வியே எவ்ளோ வேணும் எதுக்கு வேணும்ங்கறதுதான், அதுக்கு வாய்க்கு வந்த ஒரு தொகைய சொன்னா ஃபைல் அங்கயே தூங்கிடும். அதனால அடுத்த 12 மாசத்துக்கு மாசாமாசம் எவ்ளோ உள்ள வரும் எவ்ளோ வெளிய போகும்னு எழுதுங்க. விக்கிற தேதிய போடாதீங்க, காசு கைக்கு வர்ற தேதிய போடுங்க, கடனுக்கு வித்தா ரெண்டும் ஒண்ணு இல்ல. மாசத்துக்கு மாசம் கூட்டிட்டே வந்தா துண்டு விழறது எங்க ரொம்ப பெருசா இருக்கோ அதுதான் உங்க தேவை, மேல கொஞ்சம் கையிருப்பும் சேத்துக்கோங்க.

அடுத்து, எதுக்கு எந்த மாதிரி கடன்னு பாருங்க. மெஷின் மாதிரி பல வருஷம் உழைக்கிற சாமானுக்கு டெர்ம் லோன், அதாவது மொத்தமா வாங்கி தவணையில அடைக்கிற கடன். சரக்கு வாங்க சம்பளம் குடுக்க ஓவர்டிராஃப்ட், அதாவது அக்கவுண்ட்ல ஒரு வரம்பு வரைக்கும் வேணுங்கறப்போ எடுத்துக்கற கடன், இதுல எடுத்த பணத்துக்கு மட்டும் வட்டி ஓடும். ஓவர்டிராஃப்ட்ட எடுத்து மெஷின் வாங்கிட்டு அப்புறம் சரக்குக்கு காசில்லாம முழிக்கறதுதான் ரொம்ப சகஜமா நடக்குது.

ஆனா கடனுக்கு முன்னாடி கஸ்டமர்கிட்ட அட்வான்ஸ் கேட்டு பாருங்க, சப்ளையர்கிட்ட 30 நாள் தவணை கேளுங்க, பெரிய கம்பெனி பில் பாக்கி வச்சிருந்தா அந்த பில்ல வச்சே முன்கூட்டி பணம் எடுக்கலாம், இதுக்கு இன்வாய்ஸ் டிஸ்கவுண்டிங்னு பேரு. கேக்க கூச்சப்பட்டுட்டு வட்டி கட்டறது எனக்கு புரியவே இல்ல.

இப்போ வட்டி, இங்கதான் ஏமாறுவாங்க. பிளாட் ரேட்னு சொன்னா, நீங்க அசல் அடைச்சிட்டே வந்தாலும் முழு அசலுக்கும் கடைசி வரைக்கும் வட்டி போடுவாங்க. 10 சதவீதம் பிளாட், 12 மாச தவணைன்னா குறையற பாக்கிக்கு கணக்கு போட்டு பாத்தா வருஷத்துக்கு கிட்டத்தட்ட 18 சதவீதம் வருது! ப்ராசஸிங் ஃபீஸ், இன்சூரன்ஸ்னு பிடிச்சா இன்னும் ஏறும். எல்லாம் சேத்து கைக்கு எவ்ளோ வரும், மொத்தம் எவ்ளோ கட்டணும், முன்னாடியே அடைச்சா அபராதம் உண்டான்னு எழுத்துல வாங்கிக்கோங்க.

மானியம் நல்லதுதான், ஆனா நிறைய திட்டங்கள்ல நீங்க முதல்ல செலவு பண்ணி பில் காட்டுன பிறகுதான் காசு வரும், அத நம்பி சரக்கு ஆர்டர் போடாதீங்க. முதலீட்டாளர் வட்டி கேக்க மாட்டார், பங்கு கேப்பார், பல மடங்கு வளரப்போற பிசினஸ்தான் அவருக்கு வேணும், நிதானமா ஓடுற சின்ன கடைக்கு அந்த வழி சரிப்படாது. கிரவுட்ஃபண்டிங்ல, அதாவது நிறைய பேர்கிட்ட கொஞ்சம் கொஞ்சமா ஆன்லைன்ல பணம் திரட்டறதுல, 2009ல ஆரம்பிச்ச கிக்ஸ்டார்ட்டர் மாதிரி இடங்கள்ல டார்கெட்ட தொடலன்னா ஒரு காசும் கைக்கு வராது, அதனால டார்கெட்ட சின்னதா வைங்க. சொந்தக்காரங்ககிட்ட வாங்கினா கடனா பங்கான்னு ஒரு பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க.

லோன் ரெடி, ரிலீஸ் பண்ண முதல்ல ஃபீஸ் கட்டுங்கன்னு தெரியாத நம்பர்லருந்து ஃபோன் வந்தா கட் பண்ணிடுங்க.

பேங்க் முடியாதுன்னா காரணத்த கேளுங்க, உங்க கடன் வரலாற காட்டுற கிரெடிட் ரிப்போர்ட்ட எடுத்து பாருங்க, எப்பவோ அடைச்ச கடன் இன்னும் பாக்கின்னு கிடக்கலாம், அத திருத்த சொல்லி எழுதிப்போட்டு சரியானதும் அடுத்த இடத்துல அப்ளை பண்ணுங்க. ஒரே நேரத்துல பத்து இடத்துல போட்டா உங்க கிரெடிட் ஸ்கோர்தான் இறங்கும்.