பேட்டரியை வாட்டாமல் இ-பைக்கில் இழுவை கூட்டுவது எப்படி?

சக்கரத்தின் நடுவில் ஹப் மோட்டார் போட்ட சைக்கிளில் பவர் போதவில்லை என்றால் எல்லோரும் முதலில் சொல்வது ஷண்ட் வேலை. மோட்டாருக்குப் போகும் கரன்ட்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரைத் திறந்தால் போர்டில் வளைத்துச் செருகிய தடித்த கம்பி தெரியும். அதுதான் ஷண்ட், ஓடும் கரன்ட்டைக் கன்ட்ரோலர் அளப்பது இதை வைத்துத்தான். அதன்மேல் ஈயத்தை உருக்கிப் பூசினால் மின்தடை குறையும். கன்ட்ரோலர் ஓடுகிற கரன்ட்டைக் குறைவாகக் கணக்கிட்டு இன்னும் இழுக்கும். காசு செலவில்லை. ஆனால் கூடுகிற ஆம்ப் முழுக்க பேட்டரியின் தலையில் விழும். நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சிக்னலிலும் ஏற்றத்திலும் நமக்கு வேண்டியது இழுவை. அதைத் தருவது மோட்டாருக்குள் போகும் ஃபேஸ் கரன்ட். வண்டி மெதுவாக நகரும்போது மோட்டாருக்குக் குறைந்த வோல்ட்டே போதும். பேட்டரியிடம் 36 வோல்ட்டில் 10 ஆம்ப் வாங்கும் கன்ட்ரோலர், அதையே 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 30 ஆம்பாக மோட்டாருக்குக் கொடுக்க முடியும். ஆகவே பேட்டரி கரன்ட்டைப் பூட்டிவிட்டு ஃபேஸ் கரன்ட்டை மட்டும் ஏற்றலாம். டாப் ஸ்பீடு அதிகரிக்காது. கிளம்பும் வேகம் கூடும்.

இரண்டையும் தனித்தனியே அமைக்கும் கன்ட்ரோலர் வேண்டும். ஃபேஸ்ரன்னர் என்ற கன்ட்ரோலர் நல்லது. என் ஓட்டு வெஸ்க் (VESC) கன்ட்ரோலர் போர்டுக்கு. அதன் மென்பொருள் இலவசம். 13 செல் வரிசையாக இணைத்த 13 சீரிஸ் பேக் முழு சார்ஜில் 54.6 வோல்ட் காட்டும். அதற்கு 60 வோல்ட் போர்டு வாங்காதீர்கள், 75 வோல்ட் எடுங்கள்.

வயரிங் வழக்கம்போலத்தான். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, மென்பொருள் மோட்டாரை அளந்துகொள்ளும் மோட்டார் டிடெக்‌ஷனை ஓட்டுங்கள். சக்கரம் தானாகச் சுழலும், கை ஜாக்கிரதை.

அடுத்து பேட்டரி கரன்ட். இங்கே அவசரப்படாதீர்கள். டிடெக்‌ஷன் மோட்டாரைத்தான் அளக்கிறது. உங்கள் பேக் எவ்வளவு தாங்கும் என்று அதற்குத் தெரியாது. மென்பொருளில் பேட்டரி கரன்ட்டுக்கான பெட்டியில் பெரிய எண் ஒன்று சும்மா உட்கார்ந்திருக்கலாம். சாம்சங் 35இ செல்லுக்குத் தொடர்ச்சியாக 8 ஆம்ப் வரை அனுமதி. நான்கு இணையாக இருந்தால் 32. ஆனால் பேக்கைக் காக்கும் பி.எம்.எஸ். சர்க்யூட் 20 ஆம்ப் என்றால் 20தான் கூரை, நான் 15 வைப்பேன். செல்லுக்கு 3.75 ஆம்ப், சூடே தெரியாது. 15 ஆம்ப் இழுக்கும்போது பேக்கின் வோல்ட்டேஜ் இருந்ததிலிருந்து 3 வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் பேக் தளர்ந்துவிட்டது, 12-க்கு இறக்குங்கள். 10 சீரிஸ் (36 வோல்ட்) பேக்குக்கு, சார்ஜ் இறங்கும்போது கரன்ட்டைக் குறைத்து நிறுத்தும் கட்-ஆஃப் தொடக்கம் 34, முடிவு 31 வோல்ட்.

அப்புறம் ஃபேஸ் கரன்ட். உள்ளே பல்சக்கரம் உள்ள சின்ன கியர் ஹப் மோட்டார் என்றால் 30 ஆம்பில் தொடங்கி ஐந்தைந்தாக ஏற்றி, 40-இல் நிறுத்துங்கள். அந்தப் பல்சக்கரம் நைலான்.

பின்சேர்க்கை: மோட்டார் சூடாகிறதே என்று பலர் கேட்டுவிட்டார்கள். ஆகத்தான் செய்யும், கரன்ட் இரு மடங்கானால் சுருளில் சூடு நான்கு மடங்கு. ஏற்காடு மாதிரி 20 கொண்டை ஊசி வளைவு ஏறுகிறவர்கள் மோட்டாருக்குள் சூட்டை அளக்கும் தெர்மிஸ்டர் வைத்து, 80 டிகிரியில் கரன்ட் குறையத் தொடங்கும்படி அமையுங்கள்.

இன்னொன்று: பதிவு, லைசென்ஸ் தேவைப்படாத வரம்பு 250 வாட்டுக்குக் கீழ், வேகம் 25 கிலோமீட்டருக்குக் கீழ். 36 வோல்ட்டை 15 ஆம்பால் பெருக்கினால் 540 வாட் வருகிறது. ரோட்டில் இறக்குமுன் அதையும் கணக்கில் வையுங்கள்.