குளிருது என்று காற்றை அடைக்காதீர்கள்: படகில் விளக்கும் ஹீற்றரும்

பெரியம்மா முதல் தடவையாக எங்கள் படகில் தங்க வந்தது ஒரு டிசம்பர் மாதம். இங்கிலாந்துக் கால்வாய்களில் ஓடும் நரோபோட் என்ற ஒடுங்கிய படகு அது. அகலம் ஏழடி கூட இல்லை, சுற்றிவர இரும்பு. கட்டிலில் சாய்ந்தவர் கூரையில் இருந்த பித்தளைக் காற்றுவழியைக் கண்டார். வெளியே இருந்து பார்த்தால் காளான் மாதிரித் தெரியும். "உந்த ஓட்டையாலதான் தம்பி குளிர் வருது, ஒரு துணியை வைச்சு அடைச்சு விடு" என்றார்.

விளக்காலும் ஹீற்றராலும் படகில் வரும் ஆபத்துகளில் பல இப்படித்தான் தொடங்குகின்றன. குளிருகிறது, நெருப்பு மூட்டுகிறோம், சூடு வெளியே போகாமல் இருக்கக் காற்றுவழியை அடைக்கிறோம். ஆனால் நெருப்பு எரிவதும் நாம் மூச்சு விடுவதும் ஒரே காற்றில். வீடென்றால் கதவிடுக்கு, யன்னலிடுக்கு என்று எங்காவது காற்று புகுந்துவிடும். படகு தண்ணீர் புகாமல் கட்டியது, காற்றும் இலேசில் புகாது. காற்றுக் குறையக் குறைய நெருப்பு சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடைக் கக்கத் தொடங்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஒக்சிசனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலையிடி, குமட்டல், தலைச்சுற்று, சோர்வு. குளிர்காலத்தில் இவற்றைத் தடிமன் காய்ச்சல் என்று நினைத்து, போர்த்திக்கொண்டு படுத்துவிடுவோம். அதுதான் பயங்கரம்.

சமையல் அடுப்பை ஹீற்றராகப் பாவிப்பதை முதலில் நிறுத்துங்கள். 2014 ஜனவரியில் இங்கிலாந்தின் விற்பி துறைமுகத்தில் எஷ்கோல் என்ற சிறு மீன்பிடிப் படகில் இரண்டு பேர் உறக்கத்திலேயே இறந்தார்கள். குளிருக்காகக் காஸ் அடுப்பின் கிரில்லை எரியவிட்டுப் படுத்திருக்கிறார்கள். கதவு யன்னல் எல்லாம் மூடியிருந்தன. கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லை. அவர்கள் கடலில் வேலை செய்து பழகியவர்கள், ஆனால் களைத்துப்போய், ஈரத்தோடு, விறைத்த கையோடு வந்தவர்கள். அந்த நேரத்தில் யாருக்கும் கை போவது பக்கத்தில் இருக்கும் அடுப்புக்குத்தான். அடுப்பு சமைக்கும் சில நிமிடங்களுக்காகச் செய்தது, இரவு முழுக்க எரிவதற்குச் செய்ததல்ல. கவிழ்த்த பூச்சாடியை அடுப்பில் வைத்துச் சூடாக்கும் யோசனை இணையத்தில் சுற்றுகிறது. அதுவும் இதே தவறுதான்.

இன்னொன்று, காஸ் சிலிண்டரை உள்ளேயே வைத்துக்கொள்ளும் சக்கரம் பூட்டிய ஹீற்றர். வீட்டில் நன்றாக வேலை செய்கிறதே என்று படகுக்குத் தூக்கி வருவார்கள். சிலிண்டரில் வரும் புரொப்பேனும் பியூட்டேனும் காற்றை விடக் கனமானவை. வீட்டில் கசிந்தால் கதவைத் திறந்து வெளியேற்றலாம். படகில் அது தரைப்பலகைக்குக் கீழே இறங்கி, அடித்தட்டில் குளம் மாதிரித் தேங்கி நிற்கும். பிறகு ஒரு சுவிச்சின் பொறி போதும். அதனால்தான் ஒழுங்காகக் கட்டிய படகில் சிலிண்டருக்குத் தனிப் பெட்டி இருக்கும், கசிந்த காஸ் படகுக்கு வெளியே வடிந்து போக அதன் அடியில் துளையும் இருக்கும். படகுக்கு ஹீற்றர் வாங்குவதாயிருந்தால், எரிக்கக் காற்றை வெளியிலிருந்து எடுத்துப் புகையையும் வெளியே விடும் வகையை வாங்குங்கள். விலை கூடத்தான்.

நிலக்கரி அடுப்பு வைத்திருப்பவர்கள் சாம்பலில் கவனம் வைக்க வேண்டும். காலையில் அள்ளிய சாம்பல் செத்துவிட்டது போலத் தெரியும், உள்ளே தணல் கிடக்கும். அந்த வாளியைக் குளிருக்குப் பயந்து உள்ளே வைத்தால் அது இருந்த இடத்திலேயே கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டிருக்கும். மாலையில் கரையில் இறைச்சி வாட்டிய கரி அடுப்பும் அப்படியே. அணைந்துவிட்டது என்று நம்பி உள்ளே கொண்டு வராதீர்கள், கொஞ்சம் சூடு மிச்சம் என்பதற்காகவும் கொண்டு வராதீர்கள்.

மின்சார ஹீற்றர் என்றால் பயமில்லை என்று நினைப்பீர்கள். மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கரையில் செருகினால் சரி. பெற்றோல் ஜெனரேட்டர் என்றால் அதன் புகை எங்கே போகிறது? 2013 ஏப்ரலில் வின்டர்மியர் ஏரியில் ஒரு படகில் தாயும் பத்து வயது மகளும் இறந்தார்கள். எஞ்சின் பகுதியில் வைத்திருந்த சிறு ஜெனரேட்டருக்குக் கைவேலையாகப் பொருத்திய புகைக்குழாய் கழன்று, புகை அறைக்குள் வந்துவிட்டது. படகில் எச்சரிக்கை சென்சர் பூட்டித்தான் இருந்தது. பழையது, மின் இணைப்பும் கழற்றப்பட்டிருந்தது.

இனி விளக்கு. இதைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது, ஏனென்றால் மண்ணெண்ணெய் வெளிச்சத்தில் படித்தவன் நான். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்கு மண்ணெண்ணெய் வராத காலத்தில் ஜாம் போத்தலுக்குள் எண்ணெயைச் சொட்டுக் கணக்கில் ஊற்றி எரித்தோம். சும்மா கிடந்த போத்தலில் திரி போட்ட குப்பி விளக்கு சரிந்து தீப்பிடித்த கதை இலங்கையில் எல்லா ஊரிலும் உண்டு. அப்படிச் சுட்டுக் கருகி வந்தவர்களைப் பார்த்துத்தான் அறுவைச் சிகிச்சை மருத்துவர் விஜய கொடகும்புர ஒரு விளக்குச் செய்தார். குள்ளமான, கனமான கண்ணாடி. விழுந்தால் உருளாதபடி இரண்டு பக்கம் தட்டை. திருகி இறுக்கும் உலோக மூடி. 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. ஆடும் படகுக்கு விளக்குத் தேடும்போது நான் பார்ப்பதும் இதையேதான்: சரிந்தால் உருளுமா, கவிழ்ந்தால் எண்ணெய் கொட்டுமா?

கால்வாயில் அலை இல்லையே என்று மேசையில் அரிக்கன் லாம்பை வைப்பவர்கள் உண்டு. பக்கத்தில் ஒரு படகு வேகமாகப் போனாலே கோப்பை நகரும். ஓடும்போது விளக்கு எரியக்கூடாது. நிற்கும்போதும் சுவரில் திருகிப் பூட்டியதாக இருக்கட்டும்.

கூரைக்கும் விளக்குக்கும் உள்ள இடைவெளியை யாரும் பார்ப்பதில்லை. மணிக்கு 20 மில்லிலீற்றர் எரிக்கும் சின்ன லாம்பு 200 வோட் அளவு சூடு தரும், அதில் பெரும்பங்கு சிமினி வழியாக நேரே மேலே போகும். மேலே இருப்பது மரப்பலகை. ஏற்றிக் கால்மணி நேரம் கழித்து, விளக்குக்கு நேர் மேலே கூரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வைத்திருக்க முடியாவிட்டால் விளக்கு கிட்ட இருக்கிறது. பழைய படகு விளக்குகளின் மேல் தொங்கும் பித்தளைத் தட்டு இந்தச் சூட்டைத் தடுக்கத்தான். அழகுக்கென்று நினைத்துக் கழற்றிவிடாதீர்கள்.

எண்ணெய் விஷயத்திலும் தவறுவோம். இங்கே மண்ணெண்ணெயைப் பரபின் என்று கேட்டு வாங்க வேண்டும். தோட்டத்துப் பந்தங்களுக்கு விற்கும் சிற்றொனெல்லா எண்ணெய் வெளியில் எரிக்க மட்டுந்தான். பெற்றோல் ஒரு துளியும் கலக்கக்கூடாது: மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகைக்கு மேல்தான் தீப்பற்றும் ஆவியை விடும், பெற்றோல் உறைபனியிலும் விடும். எரியும் விளக்குக்கும் அணைத்த சூட்டோடு இருக்கும் விளக்குக்கும் எண்ணெய் ஊற்றாதீர்கள். பகலில், ஆறிய பிறகு, கரையில் வைத்து ஊற்றுங்கள். சுவாலை மஞ்சளாக நீண்டு சிமினி கறுத்தால் திரியை நேராக வெட்டி, இறக்கி வையுங்கள்.

ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக அறைக்குள் சேரும். காலையில் யன்னலில் வழிவதும் மெத்தைக்கடியில் பூஞ்சணம் பிடிப்பதும் அதனால்தான். ஈரம் என்று இன்னும் ஹீற்றரைக் கூட்டுவதை விட்டுக் காற்றுவழியைத் திறவுங்கள்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வேண்டும். பிரித்தானியாவின் உள்நாட்டு நீர்வழிகளில் படகுப் பாதுகாப்புத் திட்டம் 2019 ஏப்ரல் முதல் தங்கும் அறையுள்ள படகுகளுக்கு இதைக் கேட்கிறது. படகுக்கும் கரவனுக்கும் ஏற்றது என்று பெட்டியில் இருக்கும் வகையாக வாங்குங்கள். படுக்கும் இடத்தில், மூச்சு விடும் உயரத்துக்குக் கிட்டப் பூட்டுங்கள். வாரம் ஒருக்கால் பொத்தானை அமத்திப் பாருங்கள், பின்புறத்தில் உள்ள காலாவதித் திகதியையும் பாருங்கள். அடிக்கத் தொடங்கினால் பற்றரி பிழை என்று கழற்ற வேண்டாம். கதவுகளைத் திறந்து, எல்லோரையும் எழுப்பிக் கரைக்கு இறக்குங்கள். அடுப்பை எட்டி அணைக்க முடிந்தால் அணையுங்கள். தலையிடி இருந்தால் மருத்துவரிடம் கார்பன் மோனாக்சைடு என்று பெயர் சொல்லியே சொல்லுங்கள்.

அன்றிரவு பெரியம்மாவுக்கு எல்லாவற்றையும் விளக்க நேரமில்லை. காலடிக்கு ஒரு சுடுதண்ணிப் போத்தல், தலைக்குக் கம்பளித் தொப்பி, மேலே இன்னொரு போர்வை கொடுத்தேன். ஓட்டை திறந்தே கிடந்தது. விடிய எழும்பி, "மூக்கு நுனிதான் குளிர்ந்தது" என்றார். அடுத்த மார்கழியில் வரும்போது மூக்குக்கும் சேர்த்து ஒரு கம்பளிச் சால்வை பின்னிக்கொண்டு வந்திருந்தார்.