பழைய லைட் மீட்டருக்கு மாற்று பேட்டரி: எங்கே தவறுகிறோம்?

படம் எடுக்க வெளிச்சத்தை அளக்கும் பழைய கேட்மியம் சல்பைடு மீட்டர்கள் (வெளிச்சத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் உணரி கொண்டவை) பலவும் 1.35 வோல்ட் பாதரச செல்லை நம்பிச் செய்யப்பட்டவை. அந்தச் செல் தீரும் தறுவாய் வரை ஏறக்குறைய அதே வோல்டேஜைத் தரும். கோசென் லூனாசிக்ஸ் 3 அப்படிப்பட்ட இரண்டு செல்களில், 2.7 வோல்ட்டில் ஓடும். சுற்றுச்சூழல் காரணமாகப் பாதரச செல்கள் நின்றுபோன பிறகு, அளவு பொருந்தும் ஆல்கலைன் செல்லைப் போட்டுவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. ஆல்கலைன் செல் புதிதாக 1.5 வோல்ட்டுக்கு மேலேயே இருந்து, நாளாக ஆகச் சரிந்துகொண்டே போகும். மீட்டர் காட்டும் எண்ணும் கூடவே நகரும். அது வெளியே தெரியாது. ஸ்லைடு பிலிமில் அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரு மடங்காவது அல்லது பாதியாவது) பிசகினாலே படத்தில் தெரிந்துவிடும்.

அதற்கு முன் ஒன்று: வெஸ்டன் மாஸ்டர் போன்ற செலினியம் மீட்டருக்கு பேட்டரியே கிடையாது. அதற்கு மின்சாரம் கொடுத்தால் நுண்ணிய முள் சுருள் கெடும்.

சில்வர் ஆக்சைடு செல் 1.55 வோல்ட்டில் நிலையாக நிற்கும். அதோடு தொடராக ஒரு ஷாட்கி டயோடு (வோல்டேஜைச் சிறிதளவே குறைக்கும் டயோடு வகை) வைத்துக் குறைப்பது நல்ல வழி. சாதாரண சிலிக்கான் டயோடு வேண்டாம், அது அளவுக்கு மீறிக் குறைத்துவிடும். ஷாட்கியிலும் பலர் சறுக்கும் இடம் இதுதான்: டயோடு எவ்வளவு குறைக்கும் என்பது அதில் ஓடும் கரண்டைப் பொறுத்தது. டேட்டாஷீட்டில் முதலில் கண்ணில் படும் எண் மில்லிஆம்பியருக்கானது. மீட்டரில் ஓடுவதோ பெரும்பாலும் மைக்ரோஆம்பியர்தான். லைட் மீட்டரை இணைக்காமல் மல்டிமீட்டரை மட்டும் வைத்து அளந்தால் கரண்ட் இன்னும் சொற்பம், அதனால் டயோடு வேலையே செய்யாததுபோல் 1.5-க்குப் பக்கத்தில் காட்டும். அதைக் கண்டு இன்னொரு டயோடு சேர்ப்பவர்கள் உண்டு. லைட் மீட்டரை இணைத்து, அது ஓடும்போது அளந்து பாருங்கள். வெளிச்சம் கூடினால் கரண்டும் கூடும், ஆகவே வெயிலிலும் மங்கலிலும் அளக்க வேண்டும்.

பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் கேமரா போல பிரிட்ஜ் சர்க்யூட் (இரு பக்க மின்னோட்டத்தை ஒப்பிட்டு அளக்கும் அமைப்பு) உள்ள கருவிகளுக்கு இத்தனை பாடு தேவையில்லை. வோல்டேஜ் சற்று மாறினாலும் அவை சமாளிக்கும்.

காற்றுத்துளை உள்ள 1.4 வோல்ட் ஜிங்க்-ஏர் செல் பாதரசத்துக்கு நெருக்கமானது. ஆனால் ஒட்டுப்படலத்தை உரித்ததும் ஆயுள் தொடங்கிவிடும், பயன்படுத்தாவிட்டாலும் சில வாரம், மாதத்தில் தீரும். துளையை மூடும்படி அடாப்டர் செய்தால் வேலை செய்யாது.

செல்லின் மேல் நேரடியாக ஈயம் உருக்கிப் பற்றவைக்காதீர்கள், சூட்டில் வெடிக்கலாம். ஸ்பிரிங் தொடுமுனை வையுங்கள். கடைசியில், நம்பகமான வேறொரு மீட்டரோடு ஒரே சுவரை ஒப்பிடுங்கள். ஒரு வெளிச்சத்தில் மட்டும் ஒத்துப்போனால் போதாது.