காரில்லாத காரைக்குடி

காரைக்குடி செக்காலை ரோட்டில் எனக்கு ஜெராக்ஸ் கடை. லாட்ஜில் ஆதார் நகல் கேட்பார்கள் என்பதால், வெளியூர்க்காரர்கள் பையும் கையுமாக முதலில் என் கடை வாசலில்தான் நிற்பார்கள். நகல் வெளியே வருவதற்குள் கேள்வி வந்துவிடும்: "அண்ணே, செட்டிநாட்டைச் சுத்திப் பார்க்க கார் வாடகை எவ்வளவு ஆகும்?" ஒரு நாள் கார் வாடகையில் இங்கே மூன்று நாள் சாப்பிடலாம். கார் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

2024-இல் எங்கள் ஊர் மாநகராட்சி ஆகிவிட்டது. ஆனாலும் மதியம் ஒரு மணியானால் பழைய வழக்கப்படி ஊர் திண்ணையில் சாய்ந்துவிடும். அந்த நேரத்துக்கு எதிராக ஓடுகிறவர்களுக்குத்தான் இங்கே செலவு கூடும். விடிகாலை கோயில், காலையில் வீடுகள், நடுப்பகலில் இலைச் சாப்பாடும் தூக்கமும், சாயங்காலம் கடைத்தெரு. இந்தக் கணக்கில் நடந்தால் டவுன் பஸ்ஸே போதும்.

இதை நானே காசு கொடுத்துத்தான் படித்தேன். ஒரு சித்திரையில் சென்னையிலிருந்து மச்சினன் வந்தான். வாடகைக் கார் பிடித்து, நிதானமாக இட்லி சாப்பிட்டுவிட்டு மதியம் நெருங்கும்போதுதான் கிளம்பினோம். பிள்ளையார்பட்டி போய்ச் சேர்வதற்குள் நடை சாத்தியாகிவிட்டது. அடுத்த ஊரில் வீட்டைக் காட்டுகிறவர் சாப்பிடப் போயிருந்தார். வேப்பமரத்தடியில் ஏசியைப் போட்டுக்கொண்டு காருக்குள் உட்கார்ந்திருந்தோம், காத்திருப்புக்குத் தனிக் காசு. "அத்தான், இதுவரைக்கும் நாலு பூட்டு பார்த்தாச்சு, அடுத்து?" என்றான் மச்சினன்.

சரி, வருகிற வழி. சென்னைக்காரர்களுக்குப் பல்லவன் ரயில்தான் வசதி. எழும்பூரில் மதியத்துக்கு மேல் ஏறினால் ராத்திரி படுக்க இங்கே வந்துவிடலாம். ராமேஸ்வரம் ரயில்கள் நம் ஊரைத் தொடுவது நடுச்சாமத்தில். மதுரை, திருச்சியிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின் ஆகும். ஏசி இல்லாத அறை ஆயிரத்துக்குள் கிடைக்கும். ஆனால் தையிலும் ஆவணியிலும் முகூர்த்த நாள் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். எந்த ஊரில் குடியிருந்தாலும் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) கல்யாணத்தைச் சொந்த ஊரில் வைப்பார்கள், அப்போது லாட்ஜில் பாய்கூடக் கிடைக்காது.

முதல் நாள் ஆறு மணிக்கு ஒரு டீ குடித்துவிட்டுக் குன்றக்குடி பஸ். வெயில் ஏறுமுன் மலை ஏறிச் சண்முகநாதரைப் பார்த்துவிட்டு, அதே ரோட்டில் பிள்ளையார்பட்டி. பாறையைக் குடைந்த கோயில். பிள்ளையாருக்கு இரண்டே கை, தும்பிக்கை வலம்சுழி. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசில்லை, 2021-லிருந்து. குடும்பத்தோடு வந்தால் பாதிச் செலவு அங்கேயே குறைந்துவிடும்.

இரண்டாம் நாள் வீடுகள். கானாடுகாத்தானில் ராஜா அண்ணாமலை செட்டியார் அரண்மனையை வெளியில் நின்று பார்ப்பதோடு சரி. ஆத்தங்குடி பெரிய வீட்டில் சின்னக் கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுவார்கள். முகப்பில் நின்றால் வளவு (உள்முற்றம்), இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் ஒரே நேர்கோட்டில் தெரியும். மற்ற வீடுகளைப் போனை நீட்டிக்கொண்டு எட்டிப் பார்க்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து பங்காளிகள் சொந்தம், முக்கால்வாசிப் பேர் வெளியூரில். திண்ணையில் வயதான அம்மா இருந்தால் "ஆச்சி, பார்த்துட்டுப் போகலாமா?" என்று கேளுங்கள். ஆச்சி என்ற ஒரு சொல்லுக்குத் திறந்த கதவுகள் நிறைய. காவலுக்கு இருப்பவர் காட்டினால் கையில் ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஆத்தங்குடியில் தரையில் பதிக்கிற கல் (டைல்ஸ்) செய்கிற பட்டறைக்குள் கட்டாயம் போங்கள், வேடிக்கைக்குக் காசில்லை. கண்ணாடித் துண்டின்மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, கட்டம் கட்டமாகச் சாயக் கலவையை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கினால் சாயம் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கும். அது எப்படி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை, கை லாகவம்தான். மேலே உலர்ந்த சிமெண்ட், மணல், அப்புறம் ஈரக் கலவை. சூளை கிடையாது. தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்துக் காயவைத்தால் கண்ணாடி கழன்று வரும், அடியிலிருந்த பக்கம் பளபளவென்று இருக்கும். கல்லுக்கு மினுக்கு அந்தக் கண்ணாடி கொடுத்ததுதான்.

மூன்றாம் நாள் நடை. கொப்புடையம்மன் கோயில், கல்லுக்கட்டிப் பகுதி, அப்புறம் பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோயில் தெரு. இடித்த வீடுகளின் தூணும் நிலையும் பீங்கான் பாத்திரமும் அங்கே வந்து கிடக்கும். எனக்கு அந்தத் தெருவில் ரொம்ப நேரம் நிற்க முடியாது. கண்டாங்கிச் சேலை வாங்குகிறவர்கள் புவிசார் குறியீடு (2019) இருக்கிறதா என்று கேட்டு வாங்கலாம்.

சாப்பாட்டுக்குப் பெரிய பலகை வைத்த இடத்தைத் தேடாதீர்கள். ஆபீஸ்காரர்கள் நிற்கிற மெஸ்ஸில் பன்னிரண்டரைக்குள் உட்கார்ந்துவிடுங்கள், இரண்டு மணிக்கு ரசம்தான் மிஞ்சும். எங்கள் குழம்பின் ருசிக்கு ஊர்க் குடிதண்ணீரான சம்பை ஊற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று நாங்கள் சண்டையே போடுவோம்.

சாயங்காலம் வெள்ளைப் பணியாரம். ஒரு உழக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்தால் எவ்வளவு நிற்குமோ அவ்வளவுதான் உளுந்து, என் அம்மாவின் அளவு இது. எண்ணெயில் ஒரு கரண்டி ஊற்றி, சிவக்குமுன் எடுத்துவிட வேண்டும். சிவந்திருந்தால் அந்தக் கடையில் இரண்டாவது வாங்காதீர்கள். மிளகாய்ச் சட்னியைக் கேட்டு வாங்குங்கள், கொஞ்சமாகத்தான் வைப்பார்கள்.

திரும்பும் பல்லவன் விடிகாலையில் கிளம்பிவிடும். தேன்குழலும் சீப்புச் சீடையும் முதல் நாள் சாயங்காலமே, வீட்டில் போட்டு விற்கிறவர்களிடம் கிலோவாக வாங்கி வையுங்கள். டிக்கெட் நகல் எடுப்பதென்றாலும் முந்தின நாளே வாருங்கள், என் கடை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும்.